ஆறு குழாய் மண்

செங்கோடனுக்குக் கொடுத்த எம்.இ. பட்டத்தைக் கல்லூரி திரும்ப வாங்கிக்கொண்டு பதினொரு வருஷம் ஆகப்போகிறது. அது போனதில் பாதிப் பங்கு என்னுடையது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு வழக்கம்போல நைசாக நழுவிவிடுவேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இந்த நோட்டு அவன் கைக்குப் போகப்போவதில்லை, அதனால் பூசி மெழுக வேண்டிய அவசியமும் இல்லை.

என் பெயர் பாலசுப்பிரமணியம். சேலம் அம்மாப்பேட்டைக்காரன். செங்கோடன் ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவன். அவன் பாட்டன் காலத்திலேயே கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த குடும்பம். அவன் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா நெஞ்சு நோயில் போய்விட்டார். அம்மா அருக்காணி பறிப்புக் காலத்தில் பழம் பறிப்பார், மற்ற நாளில் களத்தில் கொட்டை காயவைப்பார். அவர் காயவைத்த கொட்டையை எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் ரைட்டர் மறுபடி சோதித்துப் பார்க்கவே மாட்டார் என்று செங்கோடன் பெருமையடித்துக்கொள்வான். கொஞ்சம் ஈரம் நின்றாலும் மூட்டைக்குள் பூஞ்சணம் பிடித்து மொத்தமும் வீணாகிவிடும். அருக்காணியம்மா ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் கடித்தாலே போதும், இன்னும் எத்தனை நாள் வெயில் வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

2009இல் சென்னையில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் எம்.இ. சேர்ந்தோம். சிவிலில் மேற்படிப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டட அமைப்புப் பிரிவைத்தான் கேட்பார்கள். பாலம், அடுக்குமாடி, வெளிநாடு என்று அதற்குத்தான் மவுசு. அது கிடைக்காதவர்களுக்கு மண்ணும் அடித்தளமும். நான் அப்படித்தான் மண்ணுக்கு வந்தேன். செங்கோடன் நல்ல மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு முதல் விருப்பமாகவே மண்ணை எழுதிக் கொடுத்திருந்தான். வகுப்பில் பதினெட்டுப் பேரில் அப்படி வந்தவன் அவன் ஒருவன்தான்.

“ஏண்டா, உனக்கென்ன கிறுக்கா?” என்று முதல் வாரமே கேட்டேன். சேலத்துக்காரர்கள் என்று எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள்.

“மலையில பொறந்தவன் வேற என்னத்தடா படிக்கறது? பன்னண்டாவது அரைப் பரிட்சை அன்னிக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்சு நின்னுபோச்சு. ரெண்டு மைலு ஓடிப் போயித்தான் எழுதுனேன். அந்த மண்ணு ஏன் சரியுதுன்னு எங்கூருக்காரன் ஒருத்தனாவது தெரிஞ்சுக்கோணுமில்ல?” என்றான்.

எனக்கு இந்த மாதிரிக் காரணம் ஒன்றும் கிடையாது. எனக்கு வேலை வேண்டும். அப்போது சென்னையில் பூமிக்கடியில் ரயில் போடப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருந்த நேரம். மண் படித்தவர்களை ஆலோசனை நிறுவனங்கள் தேடிப்பிடித்து எடுத்துக்கொள்ளும் என்று சீனியர்கள் சொன்னார்கள். அது இல்லையென்றால் வளைகுடா. அதுவும் இல்லையென்றால், நெடுஞ்சாலையில் மைலுக்கு ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த தனியார் பொறியியல் கல்லூரிகளில் வாத்தியார் வேலை. எம்.இ. என்று இரண்டு எழுத்து இருந்தால் அடுத்த வாரமே கையில் சாக்பீஸைக் கொடுத்துவிடுவார்கள். செங்கோடன் அரசுத் தேர்வு எழுதி நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராகி, ஏற்காட்டு மலைப்பாதைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவதாகச் சொல்வான். நான் மெட்ரோவில் சுரங்கம் தோண்டுவதாகச் சொல்வேன். மெஸ்ஸில் இட்லி தீர்ந்துபோகும்வரை இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

இரண்டாம் வருஷம் ஆய்வு. அவன் தன் எஸ்டேட்டின் சரிவையே எடுத்துக்கொண்டான். லைன் வீடுகளுக்குக் கொஞ்சம் தள்ளி, காப்பிச் செடிக்கு நடுவே செங்குத்தாக ஏறும் ஒரு சரிவு. மழைக்காலத்தில் அது எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி. அதற்கு மண்ணை வெட்டி மூட்டை கட்டிக்கொண்டு வந்தால் ஆகாது. மலைக்குள் எப்படி இருந்ததோ அப்படியே, அதே ஈரத்தோடு, குலுங்காமல் அலுங்காமல் லேபுக்கு வர வேண்டும். மெல்லிய இரும்புக் குழாயை மண்ணுக்குள் செருகி எடுத்து, இரண்டு முனையிலும் மெழுகு ஊற்றி அடைத்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவோம்.

2010 நவம்பரில், மழை ஓய்ந்த இரண்டாம் நாள், செங்கோடன் ஆளுயரக் குழி தோண்டி ஆறு குழாய் மண் எடுத்தான். அன்றைக்கே கைடு, அதாவது ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர், அவசரமாகக் கூப்பிட்டதால் குழாய்களை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தான். நான் அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்காகச் சேலத்தில் இருந்தேன். திரும்பும்போது மலையேறி எடுத்துவரச் சொன்னான். அம்மாவிடம், “இது நொம்ப முக்கியமான மண்ணும்மா, கெட்டுப்போயிராமப் பாத்துக்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்த அம்மாவும் கெட்டுப்போகாமல்தான் பார்த்துக்கொண்டார், தனக்குத் தெரிந்த வகையில்.

நான் போனபோது அவர் களத்தில் இருந்தார். ஒரு பக்கம் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பாயில் சிவப்பாக வேறு ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. அதை மரப்பலகையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“வாங்க கண்ணு, வாங்க. நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க. நாலு நாளு வெயிலு, இன்னிக்குத்தான் சுத்தமாக் காஞ்சுது.”

பாயில் கிடந்தது மண் என்று அப்போதுதான் தெரிந்தது. “ஏனுங்கம்மா, குழாயைப் பிரிச்சிட்டீங்களா?”

“பிரிக்காம என்னங்க பண்றது? சாக்கெல்லாம் சொதசொதன்னு ஈரம். ஒரு குழாயில மெழுகு வெடிச்சுத் தண்ணி கசியுது. அப்பிடியே குடுத்துட்டா பூஞ்சணம் புடிச்சுப்போயிருமுங்க. அப்புறம் வாத்தியாரு எம் பையனைத்தானுங்களே திட்டுவாரு? கல்லு, வேரு ஒண்ணு உடாமப் பொறுக்கிப்போட்டனுங்க. பாருங்க, எப்பிடி மாவாட்டம் இருக்குது!”

என் கண் முன்னாலேயே அந்த மண்ணை ஆறு குழாயிலும் கொட்டி, உலக்கையால் நன்றாக இடித்து நிரப்பினார். மெழுகுவத்தியை உருக்கி இரண்டு முனையும் அடைத்தார். செங்கோடன் அடைத்ததைவிட நேர்த்தியாகவே அடைத்தார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொன்னால், அங்கேயே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானே குழிக்குள் இறங்க வேண்டியிருக்கும். நான் அவர் போட்ட களியையும் கீரையையும் தின்றுவிட்டு, குழாய்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மலை இறங்கும்போது அதை நினைத்துச் சிரிக்கவும் செய்தேன்.

லேபில் முதல் குழாயைத் திறந்ததுமே செங்கோடன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நடந்ததைச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

“அம்மாகிட்ட ஏதாச்சும் சொன்னியா?”

“இல்லடா.”

“நல்லது. அதுக்குத் தெரிய வேண்டாம்.” எழுந்தான். “நாலு நாளுடா. நான் போயி மறுபடி எடுத்துட்டு வந்துர்றேன். மழை இல்லாட்டிப் பரவால்ல, இங்க தண்ணில ஊறவெச்சுச் சோதிச்சுக்கலாம்.”

அதுதான் சரி. அதைத்தான் செய்திருக்க வேண்டும். ஆனால் மண்ணை அழுத்தி உடைத்துப் பார்க்கும் இயந்திரம் எங்கள் லேபில் ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்று. ஆளுக்கு இரண்டு வாரம் என்று முறை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு அவன் முறை தொடங்குகிறது. அவனுக்கு அடுத்தது நான். கைடுக்கு அவன்மேல் தனிப் பிரியம். போய் நின்றால் என் முறையைத் தள்ளிவைத்துவிட்டு அவனுக்கு இன்னும் ஒரு வாரம் கொடுத்துவிடுவார். ஜனவரியில் கம்பெனிகள் நேர்முகத்துக்கு வருகின்றன. வருகிறவர்கள் ஆய்வு முடிவைக் கேட்பார்கள். என் கையில் ஒன்றும் இருக்காது.

இதில் ஒரு வார்த்தையையும் நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் வேறு.

“செங்கோடா, முறை போச்சுன்னா உனக்கு ஒரு வருஷமே போயிரும்டா. எங்கம்மா மண்ணைக் காயவெச்சிருச்சுன்னு கைடுகிட்டப் போய்ச் சொல்லுவியா? டிபார்ட்மெண்டே சிரிக்கும். இப்ப என்ன கெட்டுப்போச்சு? அதே மலை, அதே மண்ணு. தீசிஸை எவன்டா படிக்கறான்? லைப்ரரில பூச்சிதான் படிக்கும்.”

அவன் இரண்டு நாள் அந்தக் குழாய்களைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் இயந்திரத்தைப் போட்டான். உலர்ந்து, இடித்துக் கெட்டிப்படுத்திய மண் எவ்வளவு பாரம் தாங்குமோ அவ்வளவும் தாங்கியது. முடிவு ஏட்டில் மண்ணின் ஈரம் என்று ஒரு கட்டம் உண்டு. இருந்த ஈரம் நூற்றுக்கு ஆறு. மழை குடித்த மலைமண்ணுக்கு ஆறு என்று எழுதினால் கைடு அங்கேயே பிடித்துவிடுவார். செங்கோடன் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தான். நான் ஏட்டை என் பக்கம் இழுத்து, அதே மாதிரி மண்ணைப் பற்றி வந்த ஒரு கட்டுரையிலிருந்து இருபத்து நான்கு என்று எழுதினேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

சரிவு நிற்குமா என்பதை ஒரு எண்ணில் சொல்வோம். ஒன்றுக்குக் கீழே போனால் இறங்கிவிடும். ஒன்றரை இருந்தால் நம்பிக் கட்டலாம். செங்கோடனின் சரிவுக்கு மழைக்காலத்தில் ஒன்று புள்ளி ஆறு இரண்டு வந்தது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். என் முறை தவறாமல் எனக்குக் கிடைத்தது. ஜனவரியில் இருவருக்கும் வேலையும் கிடைத்தது, எனக்கு மெட்ரோ வேலை எடுத்த ஒரு கம்பெனியில், அவனுக்கு மண் சோதனை செய்யும் ஒரு ஆலோசனை நிறுவனத்தில். அரசுத் தேர்வை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றான். அருக்காணியம்மா, தான் காயவைத்துக் கொடுத்த மண்ணில்தான் மகன் பட்டம் வாங்கினான் என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டு நானும் சிரித்தேன். செங்கோடன் சிரித்ததை நான் பார்க்கவில்லை.

2013 ஆகஸ்டில் ஒருநாள் அவன் என் சைட்டுக்கே வந்தான். வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டீயைக் கையில் வாங்கியவன் குடிக்கவில்லை.

“எஸ்டேட்டுல புது லைன் கட்டறாங்கடா. இருவத்திநாலு ஊடு. அந்தச் சரிவுக்கு நேர் கீழ. அஸ்திவாரக் குழி தோண்டியாச்சு.”

“சரி, நல்லதுதானே?”

“மேனேஜரு என் தீசிஸைக் காப்பி எடுத்து காண்ட்ராக்டருகிட்டக் குடுத்திருக்காரு. நம்ம லைன் பையனே சோதிச்ச மலை, வேற சோதனை எதுக்கு, சின்னச் செவுரு போதும்னு சொல்லிட்டாரு. மூணாவது ஊடு எங்கம்மாவுக்கு.”

“சும்மா இன்னொரு தடவை சோதிக்கச் சொல்லேன். காரணம் எதுக்குச் சொல்லணும்?”

“சொல்லிப் பாத்துட்டேன். உன் ரிப்போர்ட்டே இருக்குதே, இன்னொண்ணு எதுக்குன்னு சிரிக்கறாரு. அது பொய்னு சொன்னாத்தான் நிறுத்துவாரு. அக்டோபர்ல மழை புடிச்சுக்கும். தையில குடியேத்தறாங்களாம்.” டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு, “காலேஜுக்கும் எழுதிப்போடறேன்டா. அந்தக் காகிதம் அங்க இருக்கற வரைக்கும் எவனாச்சும் எடுத்துக் கட்டுவான்” என்றான்.

“பட்டமே போயிரும்டா.”

“போகட்டும். உன் பேரு வராது. அந்தக் கையெழுத்தை நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லிர்றேன். உன்னைக் கேட்டா ஞாபகமில்லைன்னு சொல்லு. ரெண்டு பேரும் எதுக்குடா போகோணும்?”

நானும் வருகிறேன், ஏட்டில் ஈரம் என்று எழுதிய அந்த இருபத்து நான்கு என் கையெழுத்துதான் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யவில்லை. “சரிடா” என்றேன். அவ்வளவு சீக்கிரமாகச் சொன்னேன்.

அவன் சொன்னதைச் செய்தான். நவம்பரில் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இணைப்பில் உள்ள கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டிருந்தார்கள். “சரியாக நினைவில்லை” என்று ஒரே வரியில் பதில் எழுதித் தபாலில் போட்டேன். அடுத்த மார்ச்சில் அவன் பட்டத்தை ரத்து செய்தார்கள். பொய் முடிவு எழுதியவனை வைத்துக்கொண்டு மண் சோதனை செய்ய முடியாது என்று அவன் நிறுவனம் அதற்கு முன்பே அனுப்பிவிட்டது. அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

எஸ்டேட் நிர்வாகம் வேறு ஆட்களைக் கொண்டு மறுபடி சோதித்தது. ஒன்று புள்ளி பூஜ்யம் எட்டு வந்தது. ஒரு கனமழைக்கு முன்னால் அந்த எண் நிற்காது. நிர்வாகம் வேறு இடம் பார்க்காமல், வீடு கட்டும் திட்டத்தையே கைவிட்டுவிட்டது. தோண்டிய குழிகளில் இப்போது உண்ணிச்செடி மண்டிக்கிடக்கிறது. இருபத்து நான்கு குடும்பமும் இன்னும் ஒழுகுகிற பழைய லைனில்தான் இருக்கிறது.

அந்தச் சரிவு இதுவரை இறங்கவும் இல்லை. எத்தனையோ மழை பெய்துவிட்டது. மலைப்பாதையில் அங்கும் இங்கும் சரிந்தது, அது மட்டும் அப்படியே நிற்கிறது. “மலை நல்லாத்தான் நிக்குது, இவன் வாயாலதான் எங்க ஊடு போச்சு” என்று லைனில் சொல்லாதவர்கள் இல்லை. அது இறங்கியிருந்தால் அவன் செய்தது சரி என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு ஐப்பசியிலும் நான் பேப்பரில் ஏற்காட்டுச் செய்தியைத் தேடிப் படிக்கிறேன். இறங்கக் கூடாதே என்று படிக்கிறேனா, இறங்கிவிடாதா என்று படிக்கிறேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கேவலமான மனசு.

எம்.இ. இல்லாமல் எந்தக் கல்லூரியும் அவனை எடுக்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் அந்தக் கல்லூரிகளே பாதி மூடிவிட்டன, அது வேறு கதை. வயது வரம்பு தாண்டுவதற்குள் அரசுத் தேர்வு எழுது என்றேன். மலைப்பாதையைப் பார்த்துக்கொள்ளும் தகுதி தனக்கு இல்லை என்று எழுதவே இல்லை. ஏற்காட்டில் ஒரு சின்ன காண்ட்ராக்டரிடம் சேர்ந்து, ரிசார்ட்டுகளுக்கும் பங்களாக்களுக்கும் தாங்குசுவர் கட்டித்தருகிறான். சுவருக்குப் பின்னால் ஜல்லி போட்டுத் தண்ணீர் வெளியேற வழி வைக்காமல் கல்லைத் தொடமாட்டான். வீண் செலவு என்று முதலாளிகள் முறைத்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான். மண்ணு இஞ்சினியர் என்று கேலியாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். பெண் கொடுக்க வந்த இரண்டு இடமும் லைனில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனது.

நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு சுரங்க நிலையங்கள் என் கணக்கின்மேல் நிற்கின்றன. பெயருக்குக் கீழே நீளமாக ஒரு பதவி. மாதம் ஒருமுறை செங்கோடன் போன் செய்வான். எவ்வளவு ஆழம், என்ன பாறை, தண்ணீர் எப்படி என்று ஆசை ஆசையாகக் கேட்பான். எனக்குப் பதவி உயர்வு என்றால் அவனுக்கே வந்ததுபோலச் சந்தோஷப்படுவான். வருஷத்துக்கு ஒருமுறை மலையேறி அவன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவேன். அருக்காணியம்மா மிளகுக் குழம்பு வைத்துப் போடுவார்.

போன டிசம்பரில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். “அம்மா இன்னும் களத்துக்குப் போறதில்லடா. பதினோரு வருஷமாப் பறிப்புக்கு மட்டுந்தான் போகுது. களத்து வேலைக்குக் கூப்பிட்டா, என் கையி ஆகாது, வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிருது.”

செங்கோடன் மேனேஜர் ஆபீசில் வைத்து எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னபோதே, தான் காயவைத்ததுதான் மகனைக் கெடுத்தது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்துபோயிருந்தது. அது எனக்கும் தெரியும். ஆனால் பதினொரு வருஷமாக அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அன்றுதான் உறைத்தது. போனை வைத்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே சேலம் வந்து மலையேறினேன். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

செங்கோடன் கரடியூரில் ஒரு சுவர் வேலைக்குப் போயிருந்தான். மத்தியானம் வந்துவிடுவான் என்றார் அம்மா. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. நீங்க மண்ணைக் காயவெச்சதால எதுவுமே கெட்டுப்போகலைங்க. அப்ப நாலே நாள்ல வேற மண்ணு எடுத்துக்கலாம்னு செங்கோடன் கெளம்பிட்டான். போக வேண்டாம்னு தடுத்தது நானுங்க. பொய்யான கணக்கு எழுதுனதும் நான்தானுங்க.”

அவர் முறத்தை நிறுத்தவில்லை. “தெரியுமுங்க சாமி.”

“தெரியுமா?”

“ஆபீசுல சொன்ன அன்னிக்கே ஊட்டுக்கு வந்து எங்கிட்ட மட்டும் சொன்னானுங்க. ஒரு வருஷம் வீணாப் போயிருமேன்னு அவனுக்காவப் பதறிப்போயிச் சொன்னீங்களாமா. கூடப் பொறந்தவங்கூட அப்பிடிப் பதறமாட்டான்னு சொன்னானுங்க. நல்லதுன்னு நெனச்சுத்தானுங்களே நானும் காயவெச்சேன்? அப்புறம் உங்க மேல எப்பிடிங்க கோவிச்சுக்கறது?”

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வழி நன்றாகவே திறந்து கிடந்தது. என்னைத் தன்னோடு சேர்த்து வைத்து அவர் பேசியதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

“நான் அவனுக்காகப் பதறலைங்கம்மா. லேபுல அவனுக்கு அடுத்தது என் முறை. அவன் மறுபடி மண்ணு எடுக்கப் போயிருந்தா என் வேலை தள்ளிப்போயிருக்கும். அதுக்காகத்தான் தடுத்தேன். அவனுக்கு ஒரு வருஷம் போகும்னு சொன்னது சும்மா, பயமுறுத்தறதுக்கு.”

முறம் நின்றது.

“அவனுக்காவச் சொல்லலீங்களா?”

“இல்லீங்கம்மா.”

“இத்தன வருஷமா இந்த ஊட்டுல கைநனைச்சீங்களே” என்றார். குரல் உயரவில்லை. அவர் திட்டுவார், எழுந்து போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் எழுந்து போய்விடலாம், எனக்கும் பாரம் குறைந்த மாதிரி இருக்கும் என்றுகூட நினைத்தேன். செங்கோடன் வந்ததும் அவனிடமும் சொல்லிவிடப்போவதாகச் சொன்னேன்.

அவர் சட்டென்று முறத்தைக் கீழே வைத்தார்.

“வேண்டாம். அவங்கிட்ட இதைச் சொல்லிப்போடாதீங்க. இந்த லைன்ல ஒருத்தரும் அவங்கூட மொகங்குடுத்துப் பேசறதில்லீங்க. மாசத்துல ஒருநாளு அவனாக் கூப்பிட்டுப் பேசறது உங்க ஒருத்தருகிட்டத்தான். தனக்குன்னு ஒருத்தன் இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருக்கறான். அதையும் புடுங்கிப்போட்டா அவங்கிட்ட என்னங்க மிச்சம்?” முறத்தை மறுபடி கையில் எடுத்தார். “உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருக்கட்டும். நீங்களே வெச்சுக்குங்க. வருஷா வருஷம் வந்து போங்க.”

“சரிங்கம்மா” என்றேன். அதைத் தவிர வேறு எதைச் சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

செங்கோடன் சீக்கிரமே வந்துவிட்டான். முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்ததும், “டேய் பாலு, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கற!” என்று அப்படியே வந்து கட்டிக்கொண்டான். “அம்மா, இவனுக்குச் சோறு போட்டியா இல்லியா?”

அருக்காணியம்மா உள்ளே போய் இரண்டு தட்டு கொண்டுவந்தார். அவனுக்கு வைத்தார். எனக்கும் வைத்தார். குழம்பு ஊற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. செங்கோடன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, புது நிலையத்துக்கு எத்தனை அடி ஆழம் போயிருக்கிறீர்கள் என்று கேட்டான். நான் பதில் சொல்லிக்கொண்டே சாப்பிட்டேன்.